ஒப்பீட்டுக்கு வந்தவள்

சோனாங்குப்பத்தில் எங்கள் வீடு ஒற்றை அறை.
இருக்கிற ஒரு ஜன்னலையும் கொசுவுக்குப் பயந்து
சாக்கு திணித்து அடைத்திருந்தோம்.
மஞ்சினி இருமி விட்ட காற்றைத்தான்
பங்குனியிலிருந்து ஆவணி வரை
நானும் இழுத்தேன்.

அவனுக்குச் சளியில் கிருமி.
பதினோரு கிலோ இறங்கினான்.
மாத்திரை தொடங்கிய மறுநாள் விடியலில்
சிறுநீர் சிவப்பாய்ப் போனதைப் பார்த்து
ரத்தம் ரத்தமென்று கத்தினான்.
எனக்கு ஒன்றுமில்லை.
இறால் ஷெட்டுக்கு ஒருநாள்கூட லீவு போடவில்லை.

அதனால்தான் என்னைத் தேடி வந்தாள் ஜெரால்டின்,
புதுச்சேரி ஆய்வகத்திலிருந்து,
ஐஸ் பெட்டியும் ஊதா மூடிக் குழாய்களுமாக.
"அவர் நோயாளி. நீங்க ஒப்பீடு."
நோட்டில் அவன் ஒரு எண், நான் ஒரு எண்,
நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்,
ஒன்றுகூட இவ்வளவு நேராய்ப் பிரித்ததில்லை எங்களை.

வெள்ளணுவின் தோலில் ஏற்பி என்று ஒன்று உண்டாம்.
வருகிற கிருமியின் மேல்சட்டையைத் தடவிப் பார்த்து
இது ஆகாத ஆள் என்று சத்தம் போடுமாம்.
அந்த ஏற்பியை எப்படிச் செய்வதென்று
உடம்பு எழுதி வைத்திருக்கிற வரியில்
ஆளுக்கு ஆள் மாறுமாம்
சில இடத்தில், ஒரே ஓர் எழுத்து.

இது எனக்குப் புரிந்தது.
ஐஸ் தண்ணீரில் கைவிட்டுப்
பதினாறு வருஷமாய் இறால் உரிக்கிறேன்.
கெட்டதைக் கண் பார்க்க வேண்டியதில்லை.
ஓட்டின் வழவழப்பில் விரலே சொல்லிவிடும்.
பக்கத்தில் உட்காரும் அஞ்சலாட்சிக்கு அது வராது.
சோம்பேறி இல்லை அவள்,
விரல் அப்படி.

"அப்ப என் எழுத்து நல்ல எழுத்தா?"

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.
"நல்லது கெட்டதுன்னு இல்லைக்கா.
ஒரு நோய்க்குக் காவல் நிக்கிற எழுத்தே
இன்னொண்ணுக்குக் கதவைத் திறந்து விடலாம்.
ஒரு ஊர்ல தெரியறது வேற ஊர்ல தெரியாது.
ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தா
லேசா ஒரு சாய்வு தெரியும், அவ்வளவுதான்.
உங்களை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

முன்கையில் ஊசியால் ஒரு கொப்புளம் எழுப்பிப் போனார்கள்,
அது அரசாங்க ஆஸ்பத்திரியில்.
மூன்றாம் நாள் ஒரு ரூபாய்க் காசளவு தடித்திருந்தது.
கிருமி உங்களிடமும் இருக்கிறது,
தூங்குகிறது என்றார் டாக்டர்.
எனக்கும் ஒரு மாத்திரைச் சீட்டு.

அன்றிரவு நெஞ்சில் கைவைத்துப் படுத்தேன்.
உள்ளே ஒருத்தன் தூங்குகிறான்,
ஒருத்தன் தூங்காமல் அவனையே பார்த்தபடி இருக்கிறான்.
இரண்டு பேரிடமும் வாடகை வாங்காத வீட்டுக்காரி நான்.
ஒப்பீடாம்.

எழிலி நாலாம் வகுப்பு.
சொல்வதை எழுதும் நோட்டில் டீச்சர்
சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.
'கடலிலிருந்து வலி வீசியது.'
"வளின்னா காத்தும்மா. நான் வலின்னு எழுதிட்டேன்.
வழின்னு எழுதியிருந்தாலும் தப்புதான்.
ஒரு எழுத்துதானே, அதுக்குப் போய் அரை மார்க்."

அவளை எழுதியதில் பாதி அவன், பாதி நான்.
எங்கே எந்தப் பாதி விழுந்ததென்று
பார்க்கிற நோட்டு இல்லை இந்த வீட்டில்.
ஜெரால்டினிடம் கேட்டேன்.
குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை என்றாள்,
தன் குற்றம்போல் தலையைக் குனிந்துகொண்டு.

ஜன்னல் சாக்கைப் பிடுங்கினேன்.
உப்பனாற்றுச் சேற்று வாடை,
ஐஸ் ஃபாக்டரி இரைச்சல்,
கூடவே ஒரு படை கொசு.
மஞ்சினி எழுந்து திட்டினான்.

திட்டு,
துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திட்டு என்றேன்.